வழுக்குகிற தரை

2020 ஊரடங்கில் ஊருக்குப் போய் மாட்டிக்கொண்டவர்களில் நானும் ஒருத்தி. சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமம். அப்பத்தா தனியாக இருக்கும் வீடு. பகலில் லேப்டாப், சிக்னலுக்காக மொட்டை மாடி, ராத்திரி தூக்கம் வராமல் யூடியூப். அப்படி ஒரு ராத்திரியில்தான் தெர்மோகோல் பெட்டியில் இன்குபேட்டர் செய்யும் வீடியோ ஒன்று கண்ணில் பட்டது. மீன்காரர் தூக்கிப் போட்ட பெட்டி, 40 வாட் குண்டு பல்பு, டவுனில் எலக்ட்ரிகல் கடைக்காரரிடம் சொல்லிவைத்து வாங்கிய தெர்மோஸ்டாட், ஈரப்பதத்துக்கு ஒரு கிண்ணம் தண்ணீர். அவ்வளவுதான். அப்பத்தாவின் பெட்டைகள் இட்டதில் பன்னிரண்டு முட்டைகளைப் பொறுக்கி வைத்தேன். சூடு 37.5 டிகிரியில் நிற்க வேண்டும். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை முட்டைகளைத் திருப்பிவிட வேண்டும். பதினெட்டாம் நாளோடு திருப்புவதை நிறுத்திவிட வேண்டும்.

அப்பத்தாவுக்கு இது ஒரு வேடிக்கை. "கோழி குத்துக்கல்லாட்டம் இருக்கையில பொட்டிக்குள்ள அவயம் வைக்கிறவள இப்பத்தான் தாயி பாக்குறேன்" என்றாள்.

இருபத்தோராம் நாள் காலையில் முதல் முட்டையில் விரிசல் விழுந்தது. மறுநாள் மதியத்துக்குள் ஒன்பது குஞ்சுகள். மூன்று கூமுட்டை. ஈரம் காய்ந்ததும் ஏழு குஞ்சுகள் தள்ளாடி எழுந்து நடந்தன. இரண்டு எழவில்லை.

ஒன்றுக்கு இரண்டு கால்களும் இரண்டு பக்கமாக விரிந்துகிடந்தன. வயிறு தரையில் படிந்திருக்க, நீந்துகிற மாதிரி கால்களைத் தள்ளிப் பார்த்தது. தள்ளத் தள்ள இன்னும் விரிந்தன. மற்றொன்றுக்கு இடது கால் நன்றாக இருந்தது. வலது காலில், நாம் முட்டி என்று நினைத்துக்கொள்ளும் அந்தப் பின்பக்க மூட்டு லேசாக வீங்கி, அதற்குக் கீழே கால் வெளிப்பக்கமாகக் கோணியிருந்தது. அந்தக் காலை ஊன்ற முயலும்போதெல்லாம் கீச்சென்று கத்தியது.

"அது ரெண்டையும் விட்ரு. மிஞ்சுறது மிஞ்சும்" என்றாள் அப்பத்தா. சித்தப்பா வந்து எட்டிப் பார்த்துவிட்டு அதையே கொஞ்சம் படித்த பாஷையில் சொன்னார். "இதெல்லாம் நேச்சுரல் செலக்‌ஷன்மா. நீ நடுவுல பூந்து பலவீனமானதையெல்லாம் காப்பாத்துனா வம்சமே பலவீனமாப் போயிரும்."

நான் என் போனில் தேட ஆரம்பித்தேன். அன்று ஆரம்பித்த ஒரு கேள்வி இன்னும் முடியாமல் இருக்கிறது. அதை எழுதிப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

*

முதல் குஞ்சுக்கான வைத்தியம் நம்ப முடியாத அளவுக்குச் சின்னது. விரல் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியை நீளவாக்கில் மெல்லியதாகக் கத்தரித்துக்கொள்ள வேண்டும். குஞ்சின் கால்களை அது இயல்பாக நின்றால் எவ்வளவு இடைவெளியில் இருக்குமோ அந்த அளவுக்குச் சேர்த்துப் பிடித்து, ஒரு காலைச் சுற்றிக் கொண்டுவந்து மறுகாலைச் சுற்றி ஒட்ட வேண்டும். நடுவில் இரண்டு சென்டிமீட்டர் போல இடைவெளி. குற்றவாளிக்கு விலங்கு மாட்டுகிற மாதிரிதான் இருக்கும். முதல் ஒரு மணி நேரம் குஞ்சு முகம் குப்புற விழுந்துகொண்டே இருக்கும். கூடவே உட்கார்ந்து நிமிர்த்திவிட வேண்டும். அப்புறம் அது அந்த விலங்கோடு நிற்கக் கற்றுக்கொள்ளும். மூன்று நான்கு நாளில் வெந்நீரில் நனைத்துப் பசையை இளக்கி எடுத்துவிடலாம்.

இது வேலை செய்வதற்குக் காரணம் நம் திறமையல்ல, குஞ்சின் வயது. பிறந்த ஒன்றிரண்டு நாட்களில் எலும்பும் தசைநாரும் இளசாக இருக்கின்றன. எந்த வாக்கில் வைத்தாலும் அந்த வாக்கில் வளரும். ஒரு வாரம் தாண்டிவிட்டால் விரிந்த வாக்கிலேயே இறுகிவிடும். பிறகு எத்தனை பிளாஸ்திரி ஒட்டினாலும் அது அழகுக்குத்தான்.

நான் பொரித்த மறுநாளே ஒட்டினேன். அப்பத்தாவின் காபி டம்ளருக்குள் பஞ்சு வைத்து அதில் குஞ்சை நிறுத்தி வைத்தேன். நாலாம் நாள் அது மற்ற குஞ்சுகளோடு சேர்ந்து நொய்யரிசி பொறுக்கியது. எது எது என்று எனக்கே குழம்பிவிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பிரச்சினையை முழுசாகச் சரிசெய்துவிட்ட சந்தோஷம் எனக்கு. இன்ஸ்டாவில் வீடியோ போட்டேன். இதயங்கள் வந்து குவிந்தன.

*

அந்த வீடியோவுக்குக் கீழே ஒருவர் வண்ணத்துப்பூச்சிக் கதையைப் போட்டிருந்தார். உங்களுக்கும் தெரிந்திருக்கும். தன்னம்பிக்கைக் கூட்டங்களிலும் வாட்ஸப்பிலும் சுற்றிக்கொண்டே இருக்கும் கதை. கூட்டைக் கிழிக்கப் போராடும் வண்ணத்துப்பூச்சியைப் பார்த்து ஒருவன் இரக்கப்பட்டுக் கத்தரிக்கோலால் கூட்டை வெட்டிவிடுவான். வெளியே வந்த பூச்சி பறக்கவே முடியாமல் செத்துப்போகும். போராட்டம்தான் சிறகுக்குப் பலம் தரும், உதவி செய்து கெடுக்காதே என்பது நீதி.

கதை முழுப் பொய் என்று சொல்லமாட்டேன். முட்டை விஷயத்தில் அதில் பாதி உண்மை இருக்கிறது. குஞ்சு ஓட்டில் முதல் துளை போட்ட பிறகு வெளியே வர ஒரு நாள்கூட ஆகலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது மாட்டிக்கொண்டு தவிப்பது போலத் தெரியும். உள்ளே வேறு வேலை நடந்துகொண்டிருக்கிறது. ஓட்டின் உட்பக்கச் சவ்வில் ஓடும் ரத்தக்குழாய்கள் மெல்ல வற்ற வேண்டும், மிச்சமிருக்கும் மஞ்சள் கரு வயிற்றுக்குள் இழுக்கப்பட வேண்டும். அந்த மஞ்சள் கருவை வைத்துத்தான் குஞ்சு இரை தண்ணீர் இல்லாமல் இரண்டு நாள் வரை தாக்குப்பிடிக்கிறது. அவசரப்பட்டு ஓட்டை உரித்தால் சவ்விலிருந்து ரத்தம் கசியும். குஞ்சு செத்தும் போகலாம். அந்த நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் உதவி.

ஆனால் அதே குஞ்சு வெளியே வந்து கால் விரிந்து கிடக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால்? போராடட்டும், பலம் வரும் என்று விட்டால்? அந்தப் போராட்டமே அதை ஊனமாக்குகிறது. ஒவ்வொரு உந்தலிலும் கால் இன்னும் கொஞ்சம் விரிகிறது. இருபத்தோராம் நாள் சரியாக இருந்த நீதி இருபத்திரண்டாம் நாள் தப்பாகிவிடுகிறது.

எனக்கு வண்ணத்துப்பூச்சிக் கதையோடு சண்டை அதில் சொல்லப்பட்ட பூச்சியைப் பற்றியதல்ல. அந்தக் கதை எப்போதும் யார் வாயிலிருந்து வருகிறது என்பதைப் பற்றியது. பறந்துகொண்டிருப்பவர்கள்தான் அதைச் சொல்கிறார்கள்.

நம்மிடம் இதற்கு எதிர்ப்பக்கத்துக் கதையும் இருக்கிறது. முல்லைக்குத் தேர் கொடுத்த பாரி. படரக் கொம்பில்லாமல் தவித்த கொடிக்குத் தேரையே நிறுத்திவிட்டு நடந்து போனான். சின்ன வயதில் இதைக் கேட்டு எல்லோரும் கேட்கிற கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன்: ஒரு குச்சி நட்டிருந்தால் போதாதா? நம் முன்னோர்களுக்கும் அந்தச் சந்தேகம் இருந்திருக்க வேண்டும். அதனால்தான் கொடைமடம் என்று ஒரு சொல்லை உண்டாக்கி வைத்தார்கள். கொடுப்பதில் உள்ள பேதைமை. குறையாகவும் சொல்லாமல், முழுப் பாராட்டாகவும் சொல்லாமல் நடுவில் நிற்கும் சொல் அது. கொடிக்குத் தேவை குச்சி, தேர் பாரிக்குத் தேவைப்பட்டது என்று இப்போது தோன்றுகிறது. உதவியில் எவ்வளவு பங்கு வாங்குபவருக்கு, எவ்வளவு பங்கு கொடுப்பவருக்கு என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம். இரண்டாவது குஞ்சு விஷயத்தில்தான் அந்தக் கஷ்டம் எனக்குப் புரிந்தது. அதற்கு முன் தரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

*

பொரித்த மூன்றாம் நாள் அப்பத்தா பெட்டிப் பக்கம் வந்து உட்கார்ந்தாள். குஞ்சுகளைப் பார்க்கவில்லை. கையை உள்ளே விட்டுத் தரையைத் தடவினாள். நான் சுத்தமாக இருக்கட்டும் என்று நியூஸ்பேப்பர் விரித்திருந்தேன். அழுக்கானால் உருவிவிட்டு வேறு தாள் போட்டுக்கொள்ளலாம். வீடியோவிலும் அப்படித்தான் செய்திருந்தார்கள்.

"இம்புட்டு வழுவழுன்னு விரிச்சு வச்சுப்புட்டு, குஞ்சுக்குக் காலு சரியில்லங்கிறியே தாயி."

எழுந்து போய் ஒரு பழைய சாக்கைக் கிழித்து உதறிக் கொண்டுவந்து போட்டாள்.

அவள் சொன்னது சரி. கால் விரிவதற்கான காரணங்களில் வழுக்கும் தரை முக்கியமானது. பிறந்த முதல் மணிநேரங்களில் குஞ்சு எழ முயலும்போது பிடிமானம் இல்லையென்றால் கால்கள் சறுக்கி விலகும். தொடையின் உள்பக்கத் தசை அதை இழுத்துப் பிடிக்கும் அளவுக்கு இன்னும் பலப்பட்டிருக்காது. கோழி வளர்ப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் சொல்லும் எச்சரிக்கையே செய்தித்தாளில் குஞ்சு விடாதே என்பதுதான் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். பெட்டியில் சூடு ஏறி இறங்கியிருந்தாலும் காலில் கோளாறு வரலாம். கரண்ட் இரண்டு முறை போயிருந்தது. காலில் வரும் இன்னொரு கோளாறு, விரல்கள் உள்ளே சுருண்டுகொள்வது. அது பெரும்பாலும் ரிபோஃபிளேவின் என்கிற பி2 வைட்டமின் பற்றாக்குறை. முட்டையிட்ட தாய்க்கு என்ன தீவனம் போட்டோம் என்பதிலிருந்து தொடங்குகிற கணக்கு.

அப்பத்தா அவயம் வைக்கும் முறையை அப்போதுதான் கவனித்தேன். ஒரு பழைய கூடை, அடியில் மணல், மேலே வைக்கோல். இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும் என்று மூலையில் ஒரு இரும்புத் துண்டும் கரித்துண்டும். இரும்பைப் பற்றி எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியாது. மணலும் வைக்கோலும் பொரிந்த குஞ்சின் நகத்துக்குப் பிடிமானம் தருகின்றன. அவள் ஆயுசில் கால் விரிந்த குஞ்சை அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறாள். "விட்ரு, மிஞ்சுறது மிஞ்சும்" என்ற அவளுடைய நீதி அந்த மணல்மேல் உருவான நீதி. என் நியூஸ்பேப்பர்மேல் அது செல்லாது. அதை அவளே கண்டுபிடித்து, ஒரு வார்த்தை விவாதம் இல்லாமல் சாக்கை விரித்தாள்.

அப்போதுதான் சித்தப்பாவின் நேச்சுரல் செலக்‌ஷன் எவ்வளவு ஓட்டை என்று புரிந்தது. இதில் இயற்கை எங்கே இருக்கிறது? தெர்மோகோல் என்னுடையது, பல்பு என்னுடையது, தாள் என்னுடையது. தாய்க்கோழியை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் நான் உட்கார்ந்துகொண்டேன். பிறகு குஞ்சு விழுந்தால் அது இயற்கை, அது பலவீனம்! பலவீனம் என்பது குஞ்சுக்குள் இருக்கும் ஒரு பொருள் போல நாம் பேசுகிறோம். அது குஞ்சுக்கும் தரைக்கும் நடுவில் நடக்கும் ஒரு விஷயம்.

இதை மனிதர்கள் விஷயத்தில் சொன்னவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டனில் 1970களில் உடற்குறைபாடு உள்ளவர்கள் தாங்களாகவே சேர்ந்து நடத்திய ஒரு சங்கம், 1976இல் வெளியிட்ட அறிக்கையில் இந்தத் திசையில்தான் வாதிட்டது. உடலில் இருக்கும் குறை ஒன்று, சமூகம் அதன்மேல் சுமத்தும் முடக்கம் இன்னொன்று. நடக்க முடியாதவரை முடக்குவது அவர் கால் மட்டுமல்ல, வாசலில் நாம் கட்டிய படிக்கட்டும்தான். பிற்பாடு மைக்கேல் ஆலிவர் என்ற சமூகவியலாளர் இதை விரித்து எழுதினார். அவரும் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர்.

அதனால் பலவீனமானவர்களுக்கு உதவலாமா கூடாதா என்று யாராவது என்னிடம் வாதத்துக்கு வந்தால், அந்தக் கேள்விக்குள் நேராகப் போவதை நான் நிறுத்திவிட்டேன். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. தரை என்ன தரை? அதை யார் விரித்தது?

*

இந்த இடத்தில் கட்டுரை முடிந்திருந்தால் எனக்கு நிம்மதி. ஆனால் இரண்டாவது குஞ்சு இருக்கிறது.

அதற்கு வந்திருந்தது தசைநார் நழுவல். கோழிக்காலின் பின்மூட்டில் ஒரு பள்ளம் உண்டு. அதன் வழியாகத்தான் காலை இயக்கும் தடித்த நார் ஓடுகிறது. மாங்கனீசு, கோலின் போன்ற சத்துகள் குறைந்தாலோ அடிபட்டாலோ அந்த நார் பள்ளத்தைவிட்டு ஒரு பக்கமாக நழுவிவிடும். சீக்கிரம் பார்த்தால் விரலால் தள்ளி உள்ளே உட்காரவைக்கலாம் என்று படித்தேன். தள்ளினேன். உட்கார்ந்தது. கையை எடுத்ததும் நழுவியது. கட்டுப் போட்டேன். கட்டுக்குள்ளேயே நழுவியது. ஒவ்வொரு முறையும் அது கத்தியது. ஊரடங்கு நேரம், கால்நடை மருத்துவமனை பன்னிரண்டு கிலோமீட்டர். போனில் பிடித்த ஒரு டாக்டர், "நாட்டுக்கோழிக் குஞ்சுக்கா கூப்பிட்டீங்க?" என்று சிரித்துவிட்டார்.

ஒன்பது நாள் வைத்திருந்தேன். அதற்குப் பேர் வைத்தேன். இங்க் ஃபில்லரில் கரைத்த மாவு ஊட்டினேன். தினமும் ஒரு வீடியோ போட்டேன். "கிவ் அப் பண்ணாதீங்க" என்று ஊர் பேர் தெரியாதவர்கள் எழுதினார்கள். குஞ்சின் உடம்பு வளர்ந்தது, இறகு முளைத்தது. உடம்பு கனக்கக் கனக்கக் கால் இன்னும் கோணியது. மூட்டில் ஊன்றியே நகர்ந்ததால் தோல் தேய்ந்து புண்ணானது. ரத்தத்தைப் பார்த்ததும் மற்ற குஞ்சுகள் அந்த இடத்தையே கொத்தின. நான் கால் சரியாக்கிவிட்ட முதல் குஞ்சும் சேர்ந்து கொத்தியது. இதை மட்டும் நான் வீடியோ எடுக்கவில்லை.

எட்டாம் நாள் ராத்திரி அப்பத்தா கேட்டாள். "அது கத்துறது ஒனக்குக் கேக்குதா?"

கேட்கவில்லை. நிஜமாகவே கேட்கவில்லை. குஞ்சுகள் எப்போதும் ஏதாவது கத்திக்கொண்டுதான் இருக்கும். இரை எடுக்கும்போது மெதுவாகத் தொடர்ந்து ஒரு சத்தம், தவிக்கும்போது உச்சத்தில் விட்டுவிட்டு ஒரு சத்தம். முதல் நாள் எனக்கு இரண்டும் தனித்தனியாகக் கேட்டது. எட்டு நாளில் ஃபேன் சத்தம் மாதிரி ஆகிவிட்டது. நான் அதன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அதுவும் போன் வழியாக.

மறுநாள் காலை அப்பத்தா அதைக் கையில் எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். நான் போகவில்லை. கால் மீட்டிங் இருக்கிறது என்று மாடிக்குப் போய்விட்டேன். மீட்டிங் இருந்தது உண்மைதான். பத்து மணிக்கு. அவள் போனது ஏழு மணிக்கு.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஒன்பது நாள் அன்பு முழுக்க என்னுடையதாக இருந்தது. கடைசி ஐந்து நிமிடம் மட்டும் அவளுடையது. உதவியிலேயே கஷ்டமான பகுதியை எழுபத்தெட்டு வயதுக்காரியிடம் தள்ளிவிட்டு, இரக்கமுள்ளவள் என்ற பெயரை நான் வைத்துக்கொண்டேன். புறாவுக்காகத் தன் தொடைச் சதையை அறுத்துக் கொடுத்தான் என்று சிபிச் சக்கரவர்த்தியின் கதையைச் சொல்வார்கள். அந்தக் கதையில் பருந்து கேட்கும் நியாயம்தான் எனக்கு முக்கியம்: நீ புறாவுக்குக் காட்டும் கருணையின் விலையை நான் ஏன் பட்டினி கிடந்து கட்ட வேண்டும்? சிபி அந்த விலையைத் தானே கட்டினான். அப்படிப் பார்த்தால் என் ஒன்பது நாள் கருணையின் விலையைக் கட்டியது குஞ்சு. மிச்சத்தைக் கட்டியது அப்பத்தா.

*

அப்பத்தா செய்தது சரி என்று பல மாதம் நினைத்திருந்தேன். பிறகு சுனௌரா டெய்லர் எழுதிய புத்தகம் ஒன்றைப் படித்தேன். 2017இல் வந்தது. ஊனமுற்றவர்களையும் விலங்குகளையும் ஒன்றாக வைத்து யோசிக்கும் புத்தகம். அவருக்கே பிறவியிலிருந்து மூட்டுகள் இறுகியிருக்கும் ஆர்த்ரோகிரைபோசிஸ் என்ற நிலை. அதில் கனடாவில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறார். ஒரு நரி விகாரமாக நடப்பதைப் பார்த்த ஒருவர், அதற்கு ஏதோ நோய் என்று நினைத்துச் சுட்டுவிட்டார். பரிசோதித்தபோது அதற்கும் டெய்லருக்கு இருக்கும் அதே நிலை. நோய் எதுவுமில்லை. உடம்பில் சதை நன்றாக இருந்தது, வயிறு நிறைய இரை இருந்தது. அது தன் வழியில் வேட்டையாடி நன்றாகத்தான் வாழ்ந்துகொண்டிருந்தது.

படித்த அன்று புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். என் குஞ்சும் அப்படி ஏதாவது ஒரு வழி கண்டுபிடித்திருக்குமோ? தனியாக ஒரு பஞ்சாரத்துக்குள், அடியில் மெத்தென்று உமி போட்டு, மற்றவை கொத்தாமல் வைத்திருந்தால்? ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு வாழும் கோழிகளை நான் பார்த்திருக்கிறேன். தரை என்ன தரை என்று கேட்கச் சொன்னவள், இரண்டாவது குஞ்சுக்குத் தரையை மாற்றிப் பார்த்தேனா? மாற்றவில்லை. காலைத்தான் மாற்றப் பார்த்தேன்.

மறுபக்கம், புண்ணும் அந்தக் கத்தலும் நிஜம். நரி கத்தவில்லை. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. மனிதர்கள் விஷயத்தில் இந்தக் கேள்வியே தலைகீழ். அங்கே தனக்கு என்ன வேண்டும் என்று சொல்வதற்கு ஆள் இருக்கிறார், கேட்காமல் முடிவெடுப்பதுதான் குற்றம். அதனால் இந்தக் குஞ்சின் கதையை எந்த மனிதருக்கும் உவமையாக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். குஞ்சு சொல்லாது. அதன் சத்தத்தைத்தான் கேட்க வேண்டும். ஒன்பது நாளும் அதைக் கேட்டது அப்பத்தா மட்டும்தான். அந்த ஒரே காரணத்துக்காக அவள் முடிவை நான் ஏற்றுக்கொள்கிறேன். சந்தேகம் போகவில்லை.

*

சரி, ஞாயிற்றுக்கிழமை சிக்கன் சாப்பிடுகிறவள்தானே நீ என்று கேட்பீர்கள். ஆமாம். ஒரு குஞ்சின் காலுக்காக ஒன்பது நாள் தூங்காத வீட்டில், ஊரடங்கு தளர்ந்த முதல் ஞாயிறு பிராய்லர்தான் வாங்கினோம்.

கால் கோளாறு என்று தேடப்போனால் கடைசியில் பிராய்லரில்தான் போய் நிற்போம். ஆல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வு செய்தார்கள், 2014இல் வெளிவந்தது. 1957ஆம் ஆண்டு வகைக் கோழியையும் 2005ஆம் ஆண்டு வகைக் கோழியையும் ஒரே தீவனம் போட்டு வளர்த்தார்கள். 56ஆம் நாள் பழைய வகையின் எடை சுமார் 900 கிராம். புதியது 4 கிலோ 200 கிராம். வயது ஒன்றுதான். உடம்பின் வேகத்துக்குக் காலால் ஈடுகொடுக்க முடிவதில்லை. பிரிட்டனில் 51,000 கோழிகளைப் பார்த்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், சராசரி 40 நாள் வயதில் 27.6 சதவீதக் கோழிகள் சரியாக நடக்கவில்லை. 3.3 சதவீதம் ஏறக்குறைய நடக்கவே முடியாத நிலை.

வலிக்குமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு, பிரிஸ்டலில் செய்து 2000இல் வெளியான இன்னொரு ஆய்வு. நொண்டும் பிராய்லர்களுக்கு இரண்டு வகைத் தீவனம் வைத்தார்கள். ஒன்றில் கார்ப்ரோஃபென் என்ற வலிமருந்து கலந்திருந்தது. நொண்டும் கோழிகள் நன்றாக நடக்கும் கோழிகளைவிட மருந்து கலந்த தீவனத்தை அதிகமாகத் தேர்ந்தெடுத்தன. நொண்டல் கூடக் கூட மருந்து எடுத்துக்கொள்வதும் கூடியது. இதற்கு மேல் ஒரு கோழி நம்மிடம் எந்தப் பாஷையில் சொல்ல வேண்டும்?

இங்கே பிளாஸ்திரி உதவாது. ஒரு நாள் குஞ்சின் விலையைவிட, உட்கார்ந்து பிளாஸ்திரி ஒட்டுகிறவரின் பத்து நிமிடக் கூலி அதிகம். பெரிய பொரிப்பகங்களில் முதல் நாள் தரம் பிரிக்கும்போதே கால் சரியில்லாதவை தனியாகப் போய்விடும். வரிசையில் நின்று பிரிக்கிறவரை நான் குறை சொல்லமாட்டேன். அவர் என் அப்பத்தாவின் வேலையை ஒரு நாளைக்கு நூறு முறை செய்கிறார், எனக்காக. இந்தக் கோழியின் தரை சிமென்ட்டோ உமியோ அல்ல, அதன் உடம்பேதான். அந்தத் தரையை நாம் கிலோ இத்தனை ரூபாய் என்று கடையில் கேட்டுக் கேட்டு விரித்திருக்கிறோம்.

நான் சிக்கனை விட்டுவிட்டேன் என்று எழுத ஆசைதான். குறைத்திருக்கிறேன். ஒரு குஞ்சுக்குப் பிளாஸ்திரி ஒட்டுவது சுலபம், நாலு நாளில் பலன் தெரியும், வீடியோ எடுக்கலாம். தரையை மாற்றுவதில் அப்படி எதுவும் கிடைக்காது. அந்த வித்தியாசத்தை எழுதித்தான் வைக்க முடிகிறது. இன்னும் தாண்டவில்லை.

*

போன வருஷம் அப்பத்தா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. ஆஸ்பத்திரியில் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னோம். வயசாகிவிட்டது, காலில் பலமில்லை. டாக்டரிடம் நானும் அதையேதான் சொன்னேன். மூன்றாம் நாள் ராத்திரி வீட்டுக்கு வந்து தரையைத் துடைக்கும்போதுதான் நின்றேன். பழைய சொரசொரப்பான சிமென்ட் தரையை உடைத்து, பளபளவென்று டைல்ஸ் போட்டது நான். சம்பளம் கூடிய வருஷம், அப்பத்தா வீடு அழகாக இருக்கட்டும் என்று. அன்றைக்கே ஊர் முழுக்க வந்து பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனார்கள். அவள் மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். புதுசுக்குப் பழகவில்லை என்று நினைத்தோம்.

இப்போது படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை ரப்பர் விரிப்பு போட்டிருக்கிறது, சுவரில் கைப்பிடி இருக்கிறது. வாக்கர் வைத்து மெதுவாக நடக்கிறாள். ஒரு சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து, ரொம்ப நாளாகக் கேட்க வேண்டும் என்றிருந்ததைக் கேட்டேன்.

"அப்பத்தா, அன்னிக்கு அந்தக் குஞ்ச என்ன பண்ணுன?"

"எந்தக் குஞ்ச?"

"கொரோனா வந்தப்போ. பொட்டியில பொரிச்சமே, காலு கோணி."

கொஞ்ச நேரம் யோசித்தாள். அவளுக்கு நினைவில்லை. எத்தனையோ குஞ்சு தாயி என்றாள். பிறகு கீழே குனிந்து பார்த்து, விரிப்பு ஒரு ஓரத்தில் சுருண்டிருக்கிறது, சரிபண்ணு என்றாள்.